காசு கொடுக்காதவன் கேட்கலாமா?

திரைப்படங்களைப் பற்றி நாம் இதுவரை எழுதியதில்லை. எழுத நேருமென்று எண்ணியதுமில்லை. ஐம்பத்தேழு ஆண்டு வாழ்வில் நாம் முழுமையாகப் பார்த்த படங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். சென்ற மாதம் கணியம்பாடியிலுள்ள நம் இல்லத்திற்கு வந்த தங்கை மகன், வேலூரில் வழக்கறிஞராக இருப்பவர், தம் மடிக்கணினியைத் திறந்து வைத்து, "மாமா, இதை மட்டும் நீங்கள் பார்க்க வேண்டும். எனக்காக இரண்டு மணி நேரம் தாருங்கள்" என்றார். இஷாத் தொழுகைக்குப் பின் அமர்ந்தோம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பதாண்டுக் காலம் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அண்டை வீட்டு நண்பரும் உடனிருந்தார்.

1982ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்கப் படம் அது. 'தி வெர்டிக்ட்' என்று பெயர். தீர்ப்பு என்பது பொருள். சிட்னி லூமெட் இயக்க, பால் நியூமன் நடித்தது. பாஸ்டன் நகரில் கத்தோலிக்க மறைமாவட்டத்தைச் சேர்ந்த மருத்துவமனை ஒன்றில் பிள்ளைப்பேற்றுக்காகச் சேர்ந்த பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுக்கப்படுகிறது. உணவருந்தி ஒரு மணி நேரமே ஆனவளுக்குக் கொடுக்கத் தகாத மருந்து அது. வாந்தி மூச்சை அடைக்க, மூளை கெட்டு, உயிர் தங்கிய உடலாக மட்டும் அவள் கிடக்கிறாள். குடியில் மூழ்கித் தொழிலைக் கெடுத்துக்கொண்ட வழக்கறிஞன் ஒருவன் அவள் பொருட்டு வழக்காடுகிறான். 2,10,000 டாலர் தந்து முடித்துக்கொள்ள மறைமாவட்டத்தார் முன்வர, அவன் மறுத்துவிடுகிறான். சேர்க்கைப் படிவத்தில் செவிலி '1' என்று எழுதியிருந்ததை '9' என்று திருத்தும்படி மருத்துவர் மிரட்டியதும், திருத்துவதற்கு முன் அவள் நகல் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டதும் கடைசியில் வெளிப்படுகின்றன. நகலைச் சான்றாக ஏற்க நீதிபதி மறுக்கிறார். அச்செவிலியின் சாட்சியத்தையும் மறந்துவிடுமாறு நடுவர் குழுவுக்குக் கட்டளையிடுகிறார். காதால் கேட்டதை எவரால் மறக்க முடியும்? தீர்ப்பு அப்பெண்ணின் பக்கமே அமைகிறது.

படம் முடிந்தபோது நள்ளிரவு. ஆயினும் வழக்கு அத்தோடு முடியவில்லை; நம் திண்ணையில்தான் தொடங்கியது.

"பார்த்தீர்களா பாய், தனியார் மருத்துவமனை என்றால் இதுதான்" என்றார் மருந்தாளுநர். தம் பணிக்காலத்தை அவர் நினைவுகூர்ந்தார். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தோன்றுமுன் சுகாதார நிலையத்து மருந்து அலமாரியில் காற்றே குடியிருந்ததாம். அதன் பின்னர், இன்றியமையா மருந்துகள் இவையென்று பட்டியல் வகுத்து, மாநிலம் முழுமைக்கும் ஒரே கொள்முதலாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்பலாயினர். கூலிக்காரனும் காசின்றி மாத்திரை பெற்றான். வேலூரிலிருந்து நம் ஊருக்கு வரும் சாலையில் அடுக்கம்பாறையில் 2005இல் அரசு மருத்துவக் கல்லூரி எழுந்தது அவருக்குச் சொந்த வீடு எழுந்ததற்கு நிகரான மகிழ்ச்சி. "2009இல் காப்பீட்டுத் திட்டம் வந்ததும் அரசுப் பணம் தனியார் வாசலுக்கும் போகத் தொடங்கியது. அந்தப் பணத்தை நம் மருத்துவமனைகளுக்கே கொடுத்திருந்தால்?" என்று அவர் பெருமூச்செறிந்தார்.

மருமகன் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஐயா, இந்தப் படத்தில் வருவது நம் நாட்டில் முற்றிலும் இலவசமான மருத்துவமனையில் நடந்திருந்தால், அந்தப் பெண்ணின் குடும்பத்தார் நுகர்வோர் மன்றத்தின் படியேறவே முடியாது, தெரியுமா?" என்றார்.

அவர் கூறியதைச் சுருங்க உரைப்போம். 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவர்களையும் கட்டுப்படுத்துமா என்ற வினாவுக்கு, 1995 நவம்பர் 13 அன்று, இந்திய மருத்துவச் சங்கத்திற்கும் வி.பி. சாந்தா என்பவருக்கும் இடையேயான வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை பகர்ந்தது. கட்டணம் வாங்கும் மருத்துவமனை சட்டத்திற்கு உட்பட்டது. சிலரிடம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையும் உட்பட்டதே; அங்கே இலவசமாகப் படுத்தவரும் முறையிடலாம். எல்லாருக்கும் இலவசமாகச் செய்யும் மருத்துவமனை மட்டும் உட்படாது. பதிவுச்சீட்டுக்கென வாங்கும் சில்லறை கட்டணமாகாது. மக்கள் செலுத்தும் வரியே கட்டணமன்றோ என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை. இலவச மருத்துவமனையில் கேடுற்றவர் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் அந்த வழி எத்தனை ஆண்டு நீளும், எவ்வளவு செலவாகும் என்பது வழக்காடியோர்க்குத் தெரியும். விரைந்து முறையிடும் வாசல், காசு கொடுத்தவனுக்கே திறந்தது.

(இடையே ஒரு சொல். வழக்கறிஞரின் பணி அச்சட்டத்திற்குள் வராதென்று 2024 மே மாதத்தில் அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவரைக் கேட்கலாம், வழக்கறிஞரைக் கேட்கலாகாது என்பதன் நயம் யாதென மருமகனை வினவினோம். அவர் சிரித்துவிட்டுத் தேநீர் அருந்தினார்.)

கேள்வி இவ்வாறாகத் தன் உருவை மாற்றிக்கொண்டது. அரசா, தனியாரா என்று தொடங்கியது, இலவசமாகப் பெற்றவன் கேட்கலாமா என்று வந்து நின்றது. இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய கேள்வியன்று. படம் நிகழும் அதே பாஸ்டனில், 1876ஆம் ஆண்டில் ஒரு வழக்கு. கால் முறிந்த ஏழை ஒருவர் அறக்கொடையால் நடக்கும் மருத்துவமனையில் இலவசமாகச் சிகிச்சை பெற்றார். எலும்பைச் சரிவரப் பொருத்தவில்லையென வழக்குத் தொடுத்தார். அறப்பணத்தை இழப்பீடாக எடுத்துக் கொடுத்தல் கொடையாளியின் நோக்கத்திற்கு மாறானது என்று மாசசூசெட்ஸ் மாநில நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பியது. அறநிறுவனத்தின் மீது வழக்கில்லை என்ற அக்கொள்கை ஒரு நூற்றாண்டுக் காலம் அங்கே நிலவியது. 1971இல் அதைச் சட்டத்தால் நீக்கினர்; அப்போதும் அறநிறுவனம் செலுத்தும் தொகைக்கு 20,000 டாலர் என்று வரம்பு கட்டினர். படம் வெளிவருவதற்குப் பதினோராண்டு முன்புவரை, மறைமாவட்டத்து மருத்துவமனையைக் கூண்டிலேற்றும் கதையை அவ்வூரில் எழுதியிருந்தால் எவரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

மருமகன் இப்படத்தை நமக்குக் காட்டியதன் காரணத்தை நாம் முதற்காட்சியிலேயே அறிந்துகொண்டோம். அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

1999ஆம் ஆண்டில் நம் தங்கை இரண்டாவது பிரசவத்தில் மறைந்தாள். அப்போது அவள் கணவருடன் வேறொரு மாவட்டத்தில் வாழ்ந்தாள். ஊரின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் இங்கு வேண்டா. காசு வாங்காத மருத்துவமனை என்பது மட்டும் போதும். இரவில் பிள்ளை பிறந்து இறந்தது. இரத்தப்போக்கு நிற்கவில்லை. மருத்துவரை அழைத்திருப்பதாகச் சொன்னார்கள். விடியுமுன் அவளும் போய்விட்டாள். நாம் சென்று சேர்ந்தபோது, நம் மச்சான் தாழ்வாரத்தில் நின்று, டாக்டர் எத்தனை மணிக்கு வந்தார், எழுதி வைத்த தாளைக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்த ஊழியர் ஒருவர், "காசா கொடுத்தீர்கள், கணக்குக் கேட்க?" என்றார்.

நாம் அப்போது ஓதி முடித்துப் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. குடும்பத்தில் நம் சொல்லுக்கு எடை இருந்தது. மச்சானின் கையைப் பற்றி வெளியே அழைத்து வந்து இரண்டு சொன்னோம். அவள் தவணை முடிந்தது, அது இறைவனின் விதி என்றோம். இலவசமாகச் செய்தவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்பது நன்றிகெட்ட செயல் என்றோம். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன்தான் இன்று நம் முன் மடிக்கணினியை வைத்தவர்.

அவ்விரண்டில் முன்னதை இன்றும் நம்புகிறோம். பின்னதைப் பற்றித்தான் இத்தனையும் எழுதுகிறோம்.

கோடையில் சாலையோரம் தண்ணீர்ப் பந்தல் வைப்பவரை எண்ணிப் பாருங்கள். வழிப்போக்கனுக்கு அவர் யாதொரு கடனும் பட்டவரல்லர். பந்தல் வைக்காதிருந்தால் அவரை எவரும் கேட்கமாட்டார். ஆனால் வைத்துவிட்டார், வழிப்போக்கன் அதை நம்பி அடுத்த கிணற்றைத் தேடாமல் அங்கே வந்துவிட்டான். இப்போது பானையில் புழு நெளிந்தால், காசா கொடுத்தாய் என்று கேட்பது எவ்வளவு பொருத்தம்? நன்றி, கொடுத்ததற்கு உரியது. நம்பி வந்தவனுக்கு ஊறு செய்வது கொடையில் சேராது. இந்த எளிய வேற்றுமையை ஏழாண்டு ஓதிய நாம் அன்று காணவில்லை. அறநிறுவனத்துப் பந்தலுக்கே இப்படியென்றால், அரசுப் பந்தல் யாருடைய பானை? தீப்பெட்டி வாங்கும் கூலிக்காரனும் அதற்குக் காசு போட்டவனே. நீதிமன்றம் நுகர்வோர் என்ற சொல்லுக்குப் பொருள் காணும்போது அதை விலக்கியிருக்கலாம். அறத்தின் கணக்கில் அதை விலக்க முடியாது.

நம் பழைய சட்ட நூல்கள் இவ்வினாவை எவ்வாறு அணுகின என்று பின்னர்த் தேடினோம். (தேடுவதற்கு இருபத்தைந்து ஆண்டு எடுத்துக்கொண்டோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.) மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவன் பொறுப்பாளி என்ற நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. அதை விரித்துரைக்கும் இப்னுல் கையிம் அவர்கள் மருத்துவரைப் பல வகையினராகப் பிரிக்கிறார்கள். கலையறிந்து முறைப்படி செய்தும் நோயாளி இறந்தால் மருத்துவர் மீது பொறுப்பில்லை. அறியாதவன் செய்தால் பொறுப்பு. அறிந்தவரின் கை தவறினாலும் பொறுப்பு. அறிந்த மருத்துவர் நன்கு ஆராய்ந்து மருந்தைத் தீர்மானித்து, அத்தீர்மானம் பிழைத்து உயிர் போனால் என் செய்வது? இங்கே இரு கருத்துகள்: ஈட்டுத்தொகை பைத்துல் மாலிலிருந்து, அதாவது பொதுக் கருவூலத்திலிருந்து தரப்பட வேண்டும் என்பது ஒன்று, மருத்துவரின் சுற்றத்தார் ஏற்க வேண்டும் என்பது மற்றொன்று. பொறுப்பை வகுக்கும் இந்தப் பகுப்பில், கட்டணம் வாங்கினாரா என்ற கேள்விக்கு இடமே இல்லை. அறிந்தவரா, அனுமதி பெற்றாரா, எல்லை மீறினாரா என்பவையே அளவுகோல்கள்.

இன்னொரு நூல் நம் நெஞ்சை இதனினும் ஆழமாகத் தைத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஷைஸரி என்பார் சந்தைக் கண்காணிப்பாளர்களுக்காக ஒரு கையேடு இயற்றினார். அப்பம் சுடுவோர், எண்ணெய் விற்போர் என எல்லாத் தொழிலினரையும் எவ்வாறு கண்காணிப்பது என்பதே அதன் பொருள். மருத்துவர் பகுதியில் ஒரு நடைமுறை கூறப்படுகிறது. மருத்துவர் நோயாளியைப் பார்த்ததும் நோய்க்குறிகளையும் தாம் வகுத்த மருந்தையும் தாளில் எழுதி, அருகிலிருப்போர் சாட்சியாக, ஒரு நகலை நோயாளியின் உறவினரிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அவ்வாறே. நோயாளி குணமடைந்தால் மருத்துவர் கூலி பெற்றுக்கொள்வார். இறந்துவிட்டால், உறவினர் அந்நகல்களை எடுத்துக்கொண்டு தலைமை மருத்துவரிடம் செல்லலாம். சிகிச்சை கலைக்கு இசைந்திருந்தால் அவன் ஆயுள் முடிந்தது என்று அவர் கூறுவார். இசையாதிருந்தால், அம்மருத்துவரிடமே உயிரீட்டைப் பெற்றுக்கொள்ளும்படி கூறுவார்.

வாசகர்கள் இதைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஆயுள் முடிந்தது என்ற சொல் அங்கும் உண்டு. ஆனால் அதைச் சொல்பவர் நகலைப் படித்த பின் சொல்கிறார். நாம் அன்று தாழ்வாரத்தில் தாளைப் பாராமலே சொன்னோம். படத்துச் செவிலி ஒளித்து வைத்த நகல், எண்ணூறாண்டுக்கு முன் உறவினர் கையில் வெளிப்படையாகக் கொடுக்கப்பட வேண்டியதாக இருந்தது. நம் நாட்டிலும் 2002இல் இந்திய மருத்துவக் குழுமம் வகுத்த விதிகள், உள்நோயாளியின் குறிப்பேடுகளை மூன்றாண்டு காக்க வேண்டும், நோயாளியோ உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும் என்று கூறின. அவ்விதி காசு கொடுத்தவர் என்றும் கொடாதவர் என்றும் பிரிக்கவில்லை. நம் தங்கைக்கு அது மூன்றாண்டு தாமதமாக வந்தது.

மருந்தாளுநர் இங்கே ஒரு தடை எழுப்பினார். அதில் உண்மை இருக்கிறது. "பாய், ஒரு காலைப்பொழுதில் இருநூறு பேரைப் பார்க்கும் டாக்டர் அவர். ஒவ்வொருவரும் நகலோடு வழக்குக்குப் போனால், சிக்கலான நோயாளியைத் தொடவே அஞ்சுவார். மேல்சிகிச்சைக்கு என்று எழுதி அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுவார்."

தள்ளிவிடுதலும் நேர்ந்ததே. 1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் உழவுத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். வசதியில்லை, படுக்கையில்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்று மாற்றி ஒன்றாக அவரைத் திருப்பிவிட்டன. இறுதியில் தனியார் மருத்துவமனையில் ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவிட்டு அவர் பிழைத்தார். 1996 மே மாதம் உச்ச நீதிமன்றம், உடனடிச் சிகிச்சை தராமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிருரிமையை மீறுவதென்றும், நிதியில்லை என்பதைச் சாக்காகக் கூற அரசுக்கு இடமில்லை என்றும் கூறி, 25,000 ரூபாய் ஈடளிக்கச் செய்தது. கடைசியில் அவரை ஏற்றுக்கொண்டது கட்டண மருத்துவமனை என்பதை மருமகன் சுட்டினார். கட்டணம் இல்லாதவன் என்ன ஆகியிருப்பான் என்று மருந்தாளுநர் மடக்கினார். இருவரும் மெய்யே பேசினர். மருத்துவரின் அச்சத்திற்கு, நேர்மையான பிழைக்குப் பைத்துல் மால் பொறுப்பேற்கும் என்ற பழங்கருத்தே தக்க மருந்தாகும் என்பது நம் துணிபு. மருத்துவர் தம் வீட்டை விற்க நேராது; உறவினரும் வெறுங்கையோடு திரும்ப நேராது; தாளை மறைக்க வேண்டிய காரணமும் குறையும்.

காசு கொடுத்தவன் கேட்கலாம் என்ற நெறியில் இன்னோர் இடறு உண்டு. நள்ளிரவில் இரத்தம் பெருகும் மனைவியைத் தாங்கி நிற்பவன் விலை பேசும் நிலையிலா இருக்கிறான்? அவனை நுகர்வோர் என்பது சட்டத்தின் வசதிக்கான சொல், அவ்வளவே.

கேட்காமலே கணக்குக் கொடுத்த ஒரு முயற்சி நம் கணியம்பாடி வட்டாரத்திலேயே நடந்திருக்கிறது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் தொடங்கிய மருத்துவமனை இன்று கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக உலகறிய நிற்கிறது. ஆண் மருத்துவர் பார்க்கலாகாதென்று மறுக்கப்பட்டு ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டதே அவரை மருத்துவராக்கியது என்பர். மூவரில் ஒருத்தி முஸ்லிம் பெண். அக்கல்லூரியின் சமுதாய நலத்துறையினர் இவ்வட்டார ஊர்களில் பிறப்பு இறப்புகளைப் பதிந்து, இறப்பு நேர்ந்த வீட்டிற்குச் சென்று காரணத்தைக் கேட்டு எழுதினர். 1994 முதல் 1999 வரையிலான அப்பதிவுகளை ஆராய்ந்து 2003இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, இங்கே ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில் 95 பேர் தற்கொலையால் மாள்கின்றனர் என்று காட்டியது. அரசுக் கணக்கில் கண்டதைவிடப் பன்மடங்கு அது. வீடு வீடாகச் சென்று கேட்டிராவிட்டால் அவ்வுயிர்கள் ஏதோ காய்ச்சல், ஏதோ வயிற்றுவலி என்றே புதைந்திருக்கும். கேட்டவர்கள் தனியார், கேட்கப்பட்டவர்கள் ஏழைகள், காசு இருபுறமும் கைமாறவில்லை. அதே 1999இல் மறைந்த நம் தங்கை இவ்வட்டாரத்தில் வாழ்ந்திருந்தால், எத்தனை மணிக்கு மருத்துவர் வந்தார் என்று ஒருவராவது வீடு தேடி வந்து கேட்டிருப்பார்.

மலையேறிச் சென்றால் கேட்பதற்கும் ஆளில்லை. 2023 மே மாதம் அணைக்கட்டுப் பக்கத்து அல்லேரி மலையூரில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலையில்லாத மலை, மருத்துவமனை சேருமுன் உயிர் பிரிந்தது. திரும்பும்போது ஊர்தி பாதி வழியில் நின்றுவிட, குழந்தையின் உடலைத் தாயே சுமந்து மலையேறினாள். இங்கே பிழை செய்த மருத்துவர் இல்லை, திருத்தப்பட்ட படிவம் இல்லை, வழக்கின் எதிராளியும் இல்லை. மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்று வகுத்தார்கள் இமாம் கஸ்ஸாலி அவர்கள்: சிலர் செய்தால் அனைவர் கடனும் தீரும், எவரும் செய்யாவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். எல்லாரும் மார்க்கச் சட்டம் கற்கவே ஓடுகிறார்களே, மருத்துவம் கற்பாரைக் காணோமே என்று அவர்கள் தம் காலத்து அறிஞரைக் கடிந்துகொண்டதும் உண்டு. சட்டம் கற்கவே ஓடியவர்களுள் நாமும் ஒருவர்.

மறுநாள் அஸருக்குப் பின் மச்சான் வீட்டிற்குச் சென்றோம். பணி ஓய்வுக்குப் பின் நம் ஊரிலேயே வந்து தங்கிவிட்டவர் அவர். மருமகன் அங்கில்லை. படத்தைப் பற்றி ஏதும் கூறாமல், "மச்சான், அன்றிரவு டாக்டர் எத்தனை மணிக்கு வந்தார்?" என்று கேட்டோம்.

அவர் நம்மை நெடுநேரம் பார்த்தார். எழுந்து உள்ளே சென்று, பழைய தகரப் பெட்டியிலிருந்து தங்கையின் குடும்ப அட்டையை எடுத்து வந்தார். அதன் பின்னட்டையில் பென்சிலால் எழுதி, மங்கி, மீண்டும் அதன்மேலேயே பேனாவால் எழுதப்பட்டிருந்தது: கூப்பிட்டது 11.50, வந்தது 2.10.